கறுப்பு ஜன்னலும் சகலையும்

மார்ச் 4, செவ்வாய்

பழைய காரின் கிளட்ச் இன்றும் அழுதது. வண்டி கற்றுக்கொள்ள வருகிற தையல்காரம்மா மூன்றாவது கியருக்குப் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறார். கேட்டால், திறந்து வைத்தால் பயமாக இருக்கிறதாம். எனக்கு மூடினாலும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிரைவிங் ஸ்கூல் முதலாளி அதை வெளியே சொல்லக்கூடாது.

சாயங்காலம் மச்சினி வந்திருந்தாள். என் மனைவியோடு பேசிக்கொண்டே, போகிற போக்கில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள்.

“உங்க பொண்ணும் எங்க வீட்டுக்காரரும் தினமும் ஒரு மணி நேரம் போன்ல சண்டை மாமா. அவர் டீ ஆறி ஏடு படிஞ்சுடுது.”

தினமும். ஒரு மணி நேரம். என் பெண். அவரோடு.

எனக்கும் போன் வரும், வாரத்துக்கு இரண்டு தரம். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அம்மாகிட்ட குடுங்க. மூன்றாவது கேள்வியே அல்ல, உத்தரவு.

சகலையைப் பற்றித் தப்பாக எழுத ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் நடத்துகிறார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். விசேஷத்துக்கு நேரத்துக்கு வருவார், சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துவைப்பார். தலை நிறைய முடி வேறு. நான் பத்தாவதோடு ஸ்டியரிங்கைப் பிடித்தவன்.

மார்ச் 5, புதன்

சண்டை என்றாளே — எதைப் பற்றி? சண்டை போட வேண்டுமென்றால் பெற்ற அப்பன் நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே?

மார்ச் 6, வியாழன்

மனைவியிடம் கேட்டேன். “ஏதோ ஷெல்லாம்” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். ஒரு காகிதம் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு சகலையின் நிலையத்துக்கே போனேன். பேச்சை நானாக இழுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த மனுஷனுக்கு விளக்கிச் சொல்வதென்றால் அப்படி ஒரு ஆனந்தம்.

எனக்குப் புரிந்ததை எழுதிவைக்கிறேன். கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படைப் புரோகிராமுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். என் பெண்ணின் சின்னக் கம்பெனி செய்வது அதைத்தான். கிளினிக், நூலகம், சின்னக் கடை என்று பழைய கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவர்களுக்காகச் செய்கிறார்கள். நாமெல்லாம் படத்தையும் பட்டனையும் அழுத்துகிறோம். அதெல்லாம் வேண்டாம், நேராக எழுத்தில் உத்தரவு போடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு கறுப்பு ஜன்னல் உண்டு. ஒரு வரி அடித்தால் மெஷின் அதைச் செய்யும். அதன் பெயர்தான் ஷெல். இப்போது அவள் கம்பெனியில் பெரிய வழக்கு: அந்த ஜன்னல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் கட்டாயம் இருந்தே ஆகவேண்டுமா? வேண்டியவர்கள் மட்டும் போட்டுக்கொண்டால் போதாதா?

சகலை கட்டாயக் கட்சி. எங்கே போய் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் அங்கே அது இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டுமாம். சொல்லிக்கொண்டே ஒரு வரி அடித்தார். அடுத்த அறையில் பிரிண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. இதென்ன பெரிய விஷயம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். வீடு வரைக்கும் அந்தக் கடகடா காதை விட்டுப் போகவில்லை.

பாப்பா எந்தக் கட்சி என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், என் பெண் என்ன சொல்கிறாள் என்று எனக்கே தெரியாது என்றாகிவிடும். கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நானே போன் போட்டேன். இரண்டு நாளாக வண்டியில் உட்கார்ந்து யோசித்து ஒரு உதாரணம் தயார் செய்து வைத்திருந்தேன்.

“பாப்பா, எங்க ஸ்கூல் கார்ல என் காலடியில ரெண்டாவது பிரேக் இருக்குல்ல. உங்க ஷெல்லும் அந்த மாதிரிதானே? அது இல்லாம வண்டியை ரோட்டுக்கே எடுக்கக்கூடாது.”

அசந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“அப்பா, ரோட்டுல போற எல்லாக் கார்லயும் ரெண்டாவது பிரேக் இருக்கா?”

“இல்ல.”

“ஏன் இல்ல?”

“ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அது எதுக்கு? பக்கத்துல உக்காந்திருக்கவன் தெரியாம மிதிச்சான்னா...”

“அதையேதான் நான் சொல்றேன். கட்டாயம் வேண்டாம்னு சொல்ற கட்சிப்பா நான்.”

“நானும் அதைத்தாம்மா சொல்ல வந்தேன்.”

இத்தனை வருஷத்தில் இவ்வளவு வேகமாக நான் ரிவர்ஸ் எடுத்ததில்லை.

சிரித்தாள். பிறகு பொறுமையாகவே சொன்னாள். ஷெல் இருக்கிற வரைக்கும் அவள் கம்பெனி ஆட்கள் ஒழுங்காகப் பட்டன் வைக்கமாட்டார்களாம். ‘ஒரு வரி அடிச்சாப் போதுமே’ என்று நழுவிவிடுவார்களாம். அடிக்கத் தெரியாதவன் எங்கே போவான்? அதுவும் போக, எவனோ ஒருவன் போனில் கூப்பிட்டு ‘இந்த வரியை அடிங்க’ என்பான், கிளினிக்கில் இருக்கிற பெண் நம்பி அடிப்பாள், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். நான் ஆமாம் என்றேன். அதற்கும் ஆமாம். அடுத்ததற்கும். சிக்னல் பச்சையாகிற நேரத்துக்குள் பேச்சு தீர்ந்து, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

மார்ச் 10, திங்கள்

காலையிலிருந்து நான் எதைக் கேட்டாலும் என் மனைவி “ஆமாம்மா, ஆமாம்மா” என்று என் குரலிலேயே பதில் சொல்கிறாள். நன்றாகவே வருகிறது அவளுக்கு.

மார்ச் 13, வியாழன்

ஷெல் இல்லாத சிஸ்டத்தைச் சாதாரண மனிதர்கள் இருக்கிற ஓர் இடத்தில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். பாப்பா முதலில் சித்தப்பாவைக் கேட்டிருக்கிறாள். முதலில்! அவர் தன் நிலையத்தில் ஷெல் இல்லாத மெஷினை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதை மனைவி வந்து சொல்லி முடிப்பதற்குள் நான் போனை எடுத்துவிட்டேன். நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டர் இருக்கிறது, இன்றைக்கே போடு, எதை வேண்டுமானாலும் பிடுங்கி எறி என்றேன்.

“நிஜமாவாப்பா?” என்றாள். அந்தக் குரலுக்காகக் காரையே பிரித்துப் போடச் சொன்னாலும் போடுவேன்.

“டிவில சத்தத்தைக் குறைக்கவே என்னைக் கூப்பிடறீங்க” என்றாள் மனைவி. வீட்டில் ஆதரவு இவ்வளவுதான்.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று காலை பஸ்ஸில் பாப்பா வந்தாள். ஸ்கூலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிப் போட்டாள். முன்பதிவு பார்க்கிற அம்மாவுக்குப் புதிய திரையைச் சொல்லிக் கொடுத்தாள். அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். ஒன்பதுக்குத் திறக்க வேண்டிய கதவை ஒன்பதுக்குத் திறப்பார். பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கோபப்படுவாரா, சந்தோஷப்படுவாரா என்று தெரியவில்லை.

யாருடைய பெயருக்கு எதிரே எந்த நேரம், எந்தக் கார் என்று திரை பளிச்சென்று காட்டுகிறது. பட்டன் எல்லாம் பெரிது பெரிதாக. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நாள்.

மத்தியானம் வரைக்கும். பிறகு சித்தப்பாவிடமிருந்து போன். எடுத்துக்கொண்டு வெளியே கார் நிற்கிற இடத்துக்குப் போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். காரைத் தட்டுகிறாள். நடக்கிறாள், நிற்கிறாள், வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்னோடு பேசும்போது அந்தக் கைகள் மடியில் சும்மா கிடக்கும்.

அவர்கள் ஒத்துப்போகிறார்கள் என்றால்கூடப் பரவாயில்லை. ஒத்துப்போகவில்லை என்பதுதான் பொறுக்கவில்லை.

மார்ச் 19, புதன்

தினமும் சாயங்காலம் பாப்பாவுக்கு நான் செய்தி அனுப்ப வேண்டும்: பிரச்சினை உண்டா, இல்லையா. மூன்று நாளாக இல்லை. உண்மையிலேயே இல்லை. ‘சூப்பர்ப்பா’ என்று பதில் வருகிறது. தினமும்! சகலைக்கு ஒரு மணி நேரம் என்றால் எனக்கு ஒரு வார்த்தை. ஆனால் புகழ்ச்சி.

கடைத்தெருவில் சகலை எதிர்ப்பட்டார். “அண்ணே, ஒரே வாரம். கறுப்பு ஜன்னல் எங்கேன்னு கேட்டுக்கிட்டு என்கிட்டதான் வரப்போறீங்க” என்றார் சிரித்துக்கொண்டே. அதற்கு முன்னால் இரண்டு காரையும் விற்றுவிட்டுக் காவி கட்டுவேன் என்று நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிப்பு நிஜம்.

மார்ச் 21, வெள்ளி

நாசம்.

கடிகாரம் காலையில் கீபோர்டைத் துணியால் துடைத்திருக்கிறார். எந்த இரண்டு மூன்று பட்டன் சேர்ந்து அமுங்கியதோ, திரையில் இருந்த படம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. எழுத்தெல்லாம் சுவர் ஏறுகிற பல்லி மாதிரி மேல் நோக்கிப் போகிறது.

கழுத்தைச் சாய்த்துக்கொண்டே அமைப்பு மாற்றுகிற இடத்தைக் கண்டுபிடித்தேன். ‘நேராக்கு’ என்று இருந்தது, தேர்ந்தெடுத்தேன். பிறகு ‘உறுதிசெய்’ அழுத்த வேண்டும். அந்தப் பட்டனைக் காணோம். படம் நெட்டுக்குத்தலாகிவிட்டதால் அகலம் குறைந்து, வலது ஓரத்தில் இருந்த பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது. இழுத்தால் வரவில்லை. அணைத்துப் போட்டேன். விசுவாசமாக அதே கோலத்தில் எழுந்து வந்தது.

பாப்பாவுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் முதலில் யாரிடம் சொல்லுவாள்?

சாயங்காலம் செய்தி அனுப்பினேன். ‘பிரச்சினை இல்லை.’ ‘சூப்பர்ப்பா.’

மார்ச் 22, சனி

படம் சாய்ந்தால் என்ன, திரையைச் சாய்த்தால் ஆயிற்று! மானிட்டரைத் தூக்கி ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். இப்போது எழுத்து நேராக இருக்கிறது. குள்ளமானவர்கள் சீட்டில் போட்டுக்கொள்ள வைத்திருக்கும் திண்டை ஒரு பக்கமும், பழைய எல் போர்டுகளை மறுபக்கமும் முட்டுக்கொடுத்தேன். மானிட்டரின் கால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே வருகிறவர்கள் அதில் இடித்துக்கொள்கிறார்கள்.

“இது இப்படியேதான் இருக்குமா சார்?” என்றார் கடிகாரம்.

“புது மாடல்ம்மா” என்றேன். நம்பவில்லை. என் முகமும் ஒத்துழைக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

அகலம் குறைந்ததில் பட்டியலின் கடைசிப் பத்தி மறைந்துபோனது. எந்தக் கார் என்பது அந்தப் பத்தியில்தான் இருக்கிறது. ஒரே காருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்து நின்றார்கள், தையல்காரம்மாவும் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரும். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டேன். அந்த அம்மா ஓட்டினார். பின்சீட்டிலிருந்து தபால்காரர், “பயப்படாதீங்க, இது உங்க தெரு, எதிர்ல வர்றவன்தான் வேத்தாள்” என்றார். மூன்றாவது கியர் விழுந்தது. கண் திறந்திருந்தது. மூன்று வாரமாக என்னால் முடியாததை அந்த ஆள் ஒரு வரியில் முடித்துவிட்டார். இனி இவரைப் பார்த்தும் நான் வயிறெரிய வேண்டும். எரிய இன்னும் எவ்வளவு இடம்தான் பாக்கி இருக்கிறது?

கடிகாரம் என்னிடம் பேசவில்லை. அவர் ஆயுளில் இதுதான் முதல் நேரக் குழப்பம்.

மார்ச் 26, புதன்

‘பிரச்சினை இல்லை.’

மார்ச் 28, வெள்ளி

இன்று பாப்பாவே போன் செய்தாள். குரலில் துள்ளல். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கம்பெனியில் கூடி முடிவு செய்கிறார்களாம். அவள் எழுதிய அறிக்கையில் நம் ஸ்கூல் இருக்கிறது. பெயர் போடவில்லை. ‘ஒரு டிரைவிங் ஸ்கூல், கம்ப்யூட்டர் பழக்கமில்லாத முதலாளி, இதுவரை ஒரு புகாரும் இல்லை.’ படித்தே காட்டினாள். முடிவு அவள் பக்கம் வந்தால், இனி அவர்கள் அனுப்புகிற எந்த மெஷினிலும் ஷெல் இருக்காது. வேண்டியவர்கள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத முதலாளி பக்கத்தில் படுத்திருந்த மானிட்டரைப் பார்த்தபடி “நல்லா எழுதியிருக்கம்மா” என்றான்.

மார்ச் 29, சனி

வந்தேவிட்டார்.

மச்சினிக்கு வண்டி கற்றுக்கொள்ள ஆசையாம், பெயர் பதிய வந்தார் சகலை. நான் மறைக்க எழுந்திருப்பதற்குள் மானிட்டரின் நீட்டிய காலில் இடித்துக்கொண்டார். அப்படியே நின்று பார்த்தார். சிரிக்கவில்லை.

“அண்ணே, இதுக்கு உடம்பு சரியில்லையா?”

கடிகாரம் அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. துடைத்தது, சாய்ந்தது, புது மாடல், தபால்காரர், எல்லாம். சகலை உட்கார்ந்தார். தெரிந்த பட்டன்களையெல்லாம் தட்டிப் பார்த்தார். பிறகு அவர் விரல்கள் தன்னால் ஓரிடத்துக்குப் போய் எதையோ அழுத்தின. ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். இருட்டில் சுவிட்ச் இருந்த இடத்தைத் தடவுகிறவர் மாதிரி இருந்தார்.

“ஒரே ஒரு வரி. அடிச்சா எழுந்து நின்னுடும். அடிக்கத்தான் இடம் இல்ல” என்றார்.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். படம் எடுத்து அனுப்பப்போகிறார், முடிந்தது என்று நினைத்தேன். மணி பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் சொன்னார். இந்த இரண்டு வாரமாக ஒவ்வொரு போனிலும் பாப்பா என்னைத்தான் எடுத்துவிடுகிறாளாம். அவர் எதைச் சொன்னாலும் “எங்கப்பாவே ஓட்டறார், உங்களுக்கு என்ன?” என்று வாயை அடைத்துவிடுகிறாளாம்.

“இத்தனை வருஷமா பசங்களுக்கு நான் சொல்லிக்குடுத்ததே தப்போன்னு நினைக்க ஆரம்பிச்சுட்டேன் அண்ணே.”

மறைக்காமல் எழுதுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை. சந்தோஷம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் நான் இருந்திருக்கிறேன்! தினமும்! எங்கப்பா, எங்கப்பா என்று! அதற்கப்புறம்தான் உறைத்தது. அவள் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த அப்பா படுத்துக்கிடக்கிற மானிட்டருக்குப் பக்கத்தில் இருப்பவன்.

“நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிடுங்க” என்றார். போகும்போது திண்டு நழுவியிருப்பதைப் பார்த்துச் சரியாக முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். இந்த மனுஷன் ஒரு தரமாவது சின்னத்தனமாக நடந்துகொண்டால் எனக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்.

மார்ச் 30, ஞாயிறு

வெள்ளிக்கிழமை தாண்டட்டும், அவள் ஜெயித்த பிறகு மெதுவாகச் சொல்லலாமே என்று காலை பூராவும் யோசித்தேன். மத்தியானத்துக்கு மேல் வேறொன்று உறுத்தியது. ஏதோ ஒரு கிளினிக்கில், யாரோ ஒரு அம்மா, கீபோர்டைத் துடைப்பார். அவருக்கு நோயாளிகளின் பெயருக்கு எதிரே கடைசிப் பத்தி மறையும். அதில் என்ன எழுதியிருக்குமோ.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

சொல்லிட்டேன்.

முழுசா கேட்டுக்கிட்டா. சொல்லி முடிச்சதும், “எத்தனை நாளா?”ன்னு கேட்டா. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளியிலேர்ந்துன்னேன்.

“டெய்லி பிரச்சினை இல்லைன்னு அனுப்புனீங்களேப்பா.”

“நீ தோத்துடக் கூடாதுன்னுதான்...”

“எனக்காக நீங்க அதைச் செய்யலப்பா.”

வெச்சுட்டா.

தெரிஞ்சுபோச்சு அவளுக்கு. எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே. வீட்டுக்காரிகிட்டகூட முழுசா சொன்னதில்லையே. மூஞ்சியைப் பார்க்காமலே தெரிஞ்சுக்கிட்டா.

ஏப்ரல் 1, செவ்வாய்

போன் இல்லை. வகுப்பில் நானே கியரைத் தப்பாகப் போட்டேன். தையல்காரம்மா என்னைத் தேற்றினார்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் ஸ்கூலுக்குப் போனால் வாசலில் பாப்பா, தோளில் பையோடு. வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

உள்ளே வந்து மானிட்டரைப் பார்த்தாள். உதடு லேசாகத் துடித்தது. அழப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா என்று நான் தீர்மானிப்பதற்குள் முகத்தை இறுக்கிக்கொண்டாள். போனில் படம் எடுத்தாள். முன்னாலிருந்து ஒன்று, நீட்டிய காலோடு ஒன்று. கடிகாரத்தை உட்காரவைத்து நடந்ததைக் கேட்டாள். அவர் எத்தனை மணிக்கு எது என்று ஒன்றுவிடாமல் சொன்னார், புது மாடல் உட்பட. பிறகு பையிலிருந்து ஏதோ ஒரு குச்சியை எடுத்துச் செருகி, எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, திரையை எழுப்பி நிறுத்தினாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“இப்ப சொல்லுங்க. ஓட்டிப் பார்த்தவர் நீங்க. ஷெல் கட்டாயமா வேணுமா, வேண்டாமா?”

அவளுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று தெரியும். அது தொண்டை வரைக்கும் வந்தும்விட்டது. மற்றதைச் சொன்னால் நான் போய்ச் சேருவது சகலையின் கட்சியில். அதைவிடப் பழைய காரின் பானெட்டைப் பிய்த்து விழுங்கலாம்.

“கட்டாயம் வேணும்மா” என்றேன்.

“ஏன்?”

“நீ நல்லாத்தான் பட்டன் வெச்ச. அது ஸ்கிரீனை விட்டு வெளிய போயிடுச்சே. அப்ப நான் எங்க போவேன்?”

“அப்ப பட்டனைத்தான் சரி பண்ணணும். உங்களுக்கு ஷெல்லுல ஒரு வரி அடிக்கத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சவர் வந்து உக்காந்தாரே, அவருக்கும் இடம் இல்லாம இல்ல போச்சு?”

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. பொய் சொன்னதற்கு வந்த கோபத்தைவிட இது பெரிய கோபம்.

“சித்தப்பா சொல்லிக்குடுத்தாரா?”

“அவரைப் பார்த்து வயிறெரிஞ்சுதான்மா இவ்வளவும் நடந்தது. அவர் சொல்லிக்குடுத்து நான் பேசுவேனா?”

வாய் தவறி வந்துவிட்டது. கடிகாரம் தலையைக் குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த காகிதத்தை மறுபடி அடுக்கினார். பாப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேசையில் வைத்த டீயைத் தொடாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

பாப்பா அவள் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னதை, அவள் அம்மா எனக்குச் சொன்னது: நேற்றுக் கூட்டத்தில் அந்தப் படத்தை அவளே எடுத்துக் காட்டியிருக்கிறாள். என் அறிக்கை தப்பு, புகார் இருந்திருக்கிறது, என்னிடம் வரவில்லை, அவ்வளவுதான் என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். ஷெல் எல்லா மெஷினிலும் இருந்தே ஆகவேண்டும் என்று முடிவாகிவிட்டது. இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்கள். திரையை யார் மாற்றினாலும், உடனே உறுதிசெய்யாவிட்டால் அது தானாகப் பழையபடி நேராகிவிடும். அது பாப்பா கொடுத்த யோசனை. ஆனாலும் அவள் கேட்டது கிடைக்கவில்லை. தோற்றுவிட்டாள். அதற்குப் படம் கொடுத்தவன் நான்.

சாயங்காலம் சகலை போன் செய்தார். என்ன ஆயிற்றாம், பாப்பா இரண்டு நாளாகப் பேசவே இல்லையே என்றார். நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்றேன். “அப்படியா” என்றார். குரலில் ஜெயித்தவர் யாரும் இல்லை.

அவருக்கும் போன் இல்லை. இந்த நிலைமையிலும் அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். திருந்துகிற ஜென்மமா இது?

ஏப்ரல் 8, செவ்வாய்

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும் எப்படி இருக்கீங்க என்றெல்லாம் இல்லை.

“நீங்க அன்னைக்குச் சொன்னது தப்புப்பா.”

“எது?”

“தெரிஞ்சவர் வந்தா உக்கார இடம் வேணும்னீங்களே. தெரிஞ்ச திருடன் வந்தாலும் அதே இடம்தானே?”

நியாயமான கேள்வி. எழுந்து ஜன்னல் வரை நடந்ததில் ஒரு பதில் கிடைத்தது. திருடன் வருவான் என்று கதவே இல்லாமல் யாராவது வீடு கட்டுவார்களா என்றேன். கதவு வேறு, சுவரில் ஓட்டை வேறு என்றாள். கதவுக்குப் பூட்டு போடு, சாவியை முதலாளியிடம் கொடு என்றேன். சாவியை நீங்கள் எங்கே வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா, வண்டிச் சாவியையே தினமும் அம்மாதானே தேடுகிறாள் என்றாள். சொந்த விஷயத்தை இழுக்காதே என்றேன். அறிக்கையில் எழுதினதே உங்கள் சொந்த விஷயம்தான் என்றாள். குரல் ஏறியது, என்னுடையதும். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, தெருவுக்கே கேட்கிறது என்று ஜாடை காட்டினாள்.

நடுவில் பாப்பாவின் குரல் இறங்கியது. அந்தப் படத்தைக் கூட்டத்தில் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்களாம். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லைப்பா என்றாள். மன்னிச்சுடும்மா என்றேன். “அது இருக்கட்டும், பேச்சை மாத்தாதீங்க” என்று மறுபடி ஆரம்பித்தாள். ஒன்றுக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள முடியவில்லை, உண்மையாகவே.

கடைசியில், “உங்களோட பேசவே முடியாது” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“என்ன, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“செமத்தியா” என்றேன். செருப்பைத் தேடினால் ஒன்று கையில் இருந்தது, இன்னொன்று ஜன்னல் திட்டில் இருந்தது. எப்போது அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

மறுபடி போன்.

“இன்னொண்ணு சொல்ல விட்டுப்போச்சு.”

இரு என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அடுப்பைக் குறைக்கச் சொல்லி இவளுக்குக் கை காட்டினேன்.

“ம், சொல்லு” என்றேன்.